கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர்: லினக்ஸில் விர்ச்சுவல் மெஷின் அமைப்பது எப்படி?

விண்டோஸ் 10க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடிவுக்கு வந்தது. விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளாத பழைய கம்ப்யூட்டர்களை வைத்திருப்பவர்களுக்கு லினக்ஸ் ஒரு நல்ல மாற்று வழி. புதிதாக லினக்ஸுக்கு வருபவர்கள் பெரும்பாலும் லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்ற ஒன்றில் தொடங்குகிறார்கள். சில மாதங்கள் பழகியதும் 'மற்ற லினக்ஸ்களும் எப்படி இருக்கும் என்று பார்க்கலாமே' என்ற ஆசை வரும். அந்த ஆசையில் தவறில்லை. ஆனால் அதை எங்கே செய்து பார்க்கிறோம் என்பதில் தான் ஆபத்து இருக்கிறது.

என் சித்தப்பாவுக்கும் இந்த ஆசை வந்தது. அவர் மின்ட் பயன்படுத்திக் கொண்டிருந்தார். டெபியனையும் பார்க்க வேண்டும் என்று பென் டிரைவில் ஏற்றி இன்ஸ்டால் செய்ய ஆரம்பித்துவிட்டார். நடுவில் எனக்கு போன் செய்தார். "தம்பி, டிஸ்க் பத்தி ஏதோ கேட்குது. முதல்ல இருக்கறதையே கொடுத்துடட்டுமா?" என்றார். நான் வேலை மும்முரத்தில், "கொடுங்க சித்தப்பா" என்று சொல்லிவிட்டேன். முதலில் இருந்தது 'யூஸ் என்டையர் டிஸ்க்'. அதாவது டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டு எடுத்துக்கொள் என்று பொருள். அதில் இருந்த குடும்ப போட்டோக்களில் பாதியை ரெகவரி சாப்ட்வேர் மூலம் மீட்டோம். அவையும் பெயர் இல்லாமல் வெறும் எண்களாகவே வந்தன. பாட்டி பேசிய ஆடியோ பைல் திரும்பக் கிடைக்கவே இல்லை. சித்தப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அன்று நான் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியது ஒன்று உண்டு. அதைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதுகிறேன்.

விர்ச்சுவல் மெஷின் என்றால் என்ன?

உங்கள் கம்ப்யூட்டருக்குள் சாப்ட்வேர் மூலம் உருவாக்கப்படும் இன்னொரு கம்ப்யூட்டர் தான் விர்ச்சுவல் மெஷின். சுருக்கமாக விஎம் என்பார்கள். அதற்கென்று தனி மெமரி, தனி ஹார்ட் டிஸ்க், தனி நெட்வொர்க் கார்டு எல்லாம் இருக்கும். அதில் தனியாக ஒரு ஆபரேட்டிங் சிஸ்டத்தை இன்ஸ்டால் செய்யலாம். உங்கள் திரையில் அது ஒரு விண்டோவாகத் தெரியும். அந்த விண்டோவை மூடிவிட்டு வழக்கமான வேலையையும் பார்க்கலாம்.

விஎம்மின் ஹார்ட் டிஸ்க் உண்மையில் ஹார்ட் டிஸ்க் அல்ல. உங்கள் நிஜ டிஸ்க்கில் இருக்கும் ஒரு பெரிய பைல், அவ்வளவு தான். உள்ளே இருக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம் அந்த பைலைத்தான் முழு டிஸ்க் என்று நம்பிக்கொண்டிருக்கும். அது டிஸ்க் முழுவதையும் அழித்தாலும் அழிவது அந்த ஒரு பைலின் உள்ளடக்கம் தான். உங்கள் போட்டோக்களுக்கு ஒன்றும் ஆகாது.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. ஐபிஎம் நிறுவனம் 1960களிலேயே தன் பெரிய கம்ப்யூட்டர்களில் இதைச் செய்து பார்த்தது. 1972ல் விஎம்/370 என்ற பெயரில் வெளியிட்டது. சாதாரண பிசிக்களுக்கு 1999ல் விஎம்வேர் நிறுவனத்தின் வொர்க்ஸ்டேஷன் சாப்ட்வேர் வந்தது. பிறகு இதற்கென்றே தனி வசதியை 2005ல் இன்டெல்லும் 2006ல் ஏஎம்டியும் தங்கள் பிராசஸர்களில் சேர்த்தன. அந்த வசதியைப் பயன்படுத்தும் கேவிஎம் என்ற பகுதி, 2007ல் வெளிவந்த லினக்ஸ் கெர்னல் 2.6.20ல் சேர்க்கப்பட்டது. எனவே உங்கள் லினக்ஸில் விஎம்முக்கான என்ஜின் ஏற்கனவே இருக்கிறது. அதை ஓட்டுவதற்கான சாப்ட்வேரை மட்டும் நாம் இன்ஸ்டால் செய்தால் போதும்.

கன்டெய்னர் என்பது வேறு

விஎம் பற்றிப் படிக்கும் இடமெல்லாம் கன்டெய்னர் என்ற சொல்லும் கண்ணில் படும். இரண்டும் ஒன்றல்ல. விஎம் என்பது தனி வீடு. அதற்குத் தனி கிணறு, தனி மோட்டார், தனி வாசல். கன்டெய்னர் என்பது ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கும் குடித்தனம். ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனிக் கதவும் பூட்டும் உண்டு. ஆனால் தண்ணீர் எல்லோருக்கும் ஒரே மோட்டாரில் இருந்து தான் வருகிறது. அந்த மோட்டார் தான் கெர்னல். கெர்னல் என்பது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி.

கன்டெய்னருக்குத் தனி கெர்னல் கிடையாது. உங்கள் லினக்ஸின் கெர்னலையே பகிர்ந்துகொள்கிறது. இதனால் இரண்டு விளைவுகள் உண்டு. ஒன்று, அது மிக விரைவாகத் தொடங்கும், குறைந்த மெமரியே போதும். இரண்டு, லினக்ஸ் கெர்னல் மேல் விண்டோஸை கன்டெய்னராக ஓட்ட முடியாது. விண்டோஸ் வேண்டுமென்றால் விஎம் தான் வழி. இடையில் இருக்கும் சுவரும் விஎம்மில் தான் கனமானது. கன்டெய்னர்களைப் பரவலாக்கிய டாக்கர் சாப்ட்வேர் 2013ல் வெளிவந்தது.

ஒரு புதிய ஆபரேட்டிங் சிஸ்டத்தை முழுவதுமாக இன்ஸ்டால் செய்து பழக விஎம் பொருத்தமானது. ஒரே ஒரு சாப்ட்வேரைத் தனியாக வைத்து ஓட்ட கன்டெய்னர் போதும். நாம் முதலில் விஎம்மைப் பார்ப்போம்.

என்னென்ன தேவை?

* மெமரி குறைந்தது 8 ஜிபி இருப்பது நல்லது. 4 ஜிபி இருந்தால் எளிய லினக்ஸ் ஒன்றை ஓட்டலாம். ஆனால் பிரவுசர் போன்ற மற்ற புரோகிராம்களை மூடிவிட வேண்டியிருக்கும்.

* டிஸ்க்கில் குறைந்தது 30 ஜிபி காலி இடம் வேண்டும்.

* பிராசஸரின் விர்ச்சுவலைசேஷன் வசதி ஆன் செய்யப்பட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது தான் பலருக்குத் தடையாக இருக்கும். பல கம்ப்யூட்டர்களில் இந்த வசதி ஏற்கனவே ஆன் ஆகியிருக்கும். சிலவற்றில் ஆஃப் ஆக இருக்கும். கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் எஃப்2 அல்லது டெலீட் கீயை அழுத்தினால் பயாஸ் திரை வரும். சில கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களில் எஃப்10 அல்லது எஃப்1 ஆக இருக்கலாம். அங்கே இன்டெல் பிராசஸர் என்றால் 'இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி' அல்லது 'விடி-எக்ஸ்' என்றும், ஏஎம்டி என்றால் 'எஸ்விஎம் மோட்' என்றும் இருக்கும். அதை 'எனேபிள்ட்' என்று மாற்றி சேவ் செய்துவிட்டு வெளியே வாருங்கள். மற்ற எதையும் தொட வேண்டாம்.

சாப்ட்வேரை இன்ஸ்டால் செய்தல்

நாம் இன்ஸ்டால் செய்யப் போவது 'விர்ச்சுவல் மெஷின் மேனேஜர்'. இலவசம். இதற்குப் பின்னால் நான்கு பகுதிகள் சேர்ந்து வேலை செய்கின்றன. கேவிஎம் என்பது கெர்னலில் உள்ள என்ஜின். கியூஎமு என்பது விஎம்முக்குத் தேவையான டிஸ்க், நெட்வொர்க் கார்டு போன்றவற்றைப் போலியாக உருவாக்கித் தருகிறது. லிப்விர்ட் என்பது இவற்றை மேற்பார்வை செய்கிறது. விர்ச்சுவல் மெஷின் மேனேஜர் என்பது நாம் கிளிக் செய்யும் விண்டோ. இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். எங்காவது பிழைச் செய்தி வந்தால் எது எதைக் குறிக்கிறது என்று தெரிந்தால் போதும்.

1. லினக்ஸ் மின்டில் மெனுவைத் திறந்து 'சாப்ட்வேர் மேனேஜர்' செல்லுங்கள்.

2. தேடும் பெட்டியில் 'விர்ட்-மேனேஜர்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். 'விர்ச்சுவல்' என்ற சொல்லின் முதல் நான்கு எழுத்துகள், ஒரு ஹைபன், பிறகு மேனேஜர் என்ற சொல்.

3. ஒரே பெயரில் 'சிஸ்டம் பேக்கேஜ்', 'பிளாட்பேக்' என இரண்டு வகை இருந்தால் சிஸ்டம் பேக்கேஜையே தேர்ந்தெடுங்கள். அதனுடன் தான் மேலே சொன்ன மற்ற பகுதிகளும் சேர்ந்து வரும்.

4. 'இன்ஸ்டால்' பட்டனை அழுத்தி பாஸ்வேர்ட் கொடுங்கள்.

5. முடிந்ததும் கம்ப்யூட்டரை ஒரு முறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். விஎம்களை இயக்க அனுமதி பெற்ற குழுவில் உங்கள் யூசர் பெயர் சேர்க்கப்படுகிறது. மீண்டும் லாகின் செய்தால் தான் அந்த அனுமதி செயலுக்கு வரும். பலர் இந்தப் படியைத் தவறவிட்டுவிட்டு 'கனெக்ட் ஆகவில்லை' என்று திண்டாடுகிறார்கள்.

இப்போது மெனுவில் விர்ச்சுவல் மெஷின் மேனேஜரைத் திறந்தால் 'கியூஎமு/கேவிஎம்' என்ற ஒரு வரி தெரியும். அது தெரிந்தால் எல்லாம் சரியாக அமைந்திருக்கிறது.

முதல் விஎம்

டெபியன் 13ஐ எடுத்துக்காட்டாக எடுத்துக்கொள்வோம். இது 2025 ஆகஸ்டில் வெளிவந்தது. டெபியன் இணையதளத்தில் 'நெட்இன்ஸ்ட்' என்ற ஐஎஸ்ஓ பைலை டவுன்லோடு செய்யுங்கள். சுமார் 800 எம்பி இருக்கும். மீதியை இன்ஸ்டால் செய்யும்போது இன்டர்நெட்டில் இருந்து எடுத்துக்கொள்ளும். பென் டிரைவ் தேவையில்லை. ஐஎஸ்ஓ பைலே போதும்.

பைல் மெனுவில் 'நியூ விர்ச்சுவல் மெஷின்' என்பதைக் கிளிக் செய்யுங்கள். ஐந்து படிகள் கொண்ட ஒரு விஸார்ட் தோன்றும். இங்கே 'கேவிஎம் நாட் அவைலபிள்' என்று எச்சரிக்கை தெரிந்தால் பயாஸ் செட்டிங்கைத் திரும்பச் சரிபாருங்கள். கேவிஎம் இல்லாமலும் விஎம் ஓடும். ஆனால் மாட்டு வண்டி வேகத்தில் தான் ஓடும்.

படி 1: 'லோக்கல் இன்ஸ்டால் மீடியா' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

படி 2: 'பிரவுஸ்', பிறகு 'பிரவுஸ் லோக்கல்' என்பதைக் கிளிக் செய்து ஐஎஸ்ஓ பைலைக் காட்டுங்கள். எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் என்று தானாகவே கண்டுபிடிக்கும். கண்டுபிடிக்கவில்லை என்றால் டிக் மார்க்கை எடுத்துவிட்டு 'ஜெனரிக் லினக்ஸ்' என்று தேடித் தேர்ந்தெடுங்கள். அந்த போல்டரைப் படிக்க அனுமதி இல்லை, சரிசெய்யட்டுமா என்று ஒரு செய்தி வரலாம். 'எஸ்' கொடுங்கள்.

படி 3: மெமரி, பிராசஸர். உங்களிடம் 8 ஜிபி இருந்தால் விஎம்முக்கு 2048 எம்பி, 2 சிபியு கொடுங்கள். எப்போதும் மொத்த மெமரியில் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். விஎம் ஓடும் நேரத்தில் உங்கள் நிஜ லினக்ஸும் ஓட வேண்டுமல்லவா?

படி 4: டிஸ்க் அளவு. 25 ஜிபி என்று கொடுங்கள். இந்த 25 ஜிபியும் இப்போதே செலவாகிவிடாது. உள்ளே நிரம்ப நிரம்பத் தான் நிஜ டிஸ்க்கில் இடம் பிடிக்கும்.

படி 5: ஒரு பெயர் கொடுங்கள். நெட்வொர்க் என்ற இடத்தில் 'டிஃபால்ட் - நாட்' என்று இருக்கும். அப்படியே விடுங்கள். உங்கள் இன்டர்நெட் இணைப்பையே விஎம்மும் பயன்படுத்திக்கொள்ளும். விர்ச்சுவல் நெட்வொர்க் ஆன் ஆகவில்லை, தொடங்கட்டுமா என்று கேட்டால் 'எஸ்' கொடுங்கள். 'பினிஷ்' பட்டனை அழுத்தினால் புதிய விண்டோவில் டெபியன் இன்ஸ்டாலர் தொடங்கும்.

மவுஸ் அந்த விண்டோவுக்குள் சிக்கிக்கொண்டது போலத் தோன்றினால் இடப்பக்கக் கண்ட்ரோல், ஆல்ட் இரண்டு கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். வெளியே வந்துவிடும்.

அந்த ஒரு கேள்வி

மொழி, நாடு, பாஸ்வேர்ட் எல்லாம் கேட்ட பிறகு டிஸ்க் பற்றிய திரை வரும். 'கைடட் - யூஸ் என்டையர் டிஸ்க்'. என் சித்தப்பா என்னிடம் போனில் கேட்ட அதே கேள்வி.

இங்கே அவசரப்படாமல் அடுத்த திரையைப் படியுங்கள். 'விர்ச்சுவல் டிஸ்க் 1' என்றும் 'விடிஏ' என்றும் 26.8 ஜிபி என்றும் காட்டும். நாம் 25 தானே கொடுத்தோம் என்று குழம்ப வேண்டாம். 1024ஆல் கணக்கிட்டால் 25, 1000த்தால் கணக்கிட்டால் 26.8. இரண்டும் ஒரே அளவு தான். உங்கள் நிஜ ஹார்ட் டிஸ்க் 500 ஜிபியோ 1000 ஜிபியோ இருக்கும். அது இந்தப் பட்டியலில் இருக்கவே இருக்காது. ஏனென்றால் விஎம்முக்கு அது கண்ணிலேயே படாது. எனவே தைரியமாக 'யூஸ் என்டையர் டிஸ்க்' கொடுக்கலாம்.

இந்தப் பழக்கத்தை மட்டும் விடாதீர்கள். எந்த இன்ஸ்டாலரிலும், எந்தக் கம்ப்யூட்டரிலும், டிஸ்க்கின் பெயரையும் அளவையும் வாய்விட்டுப் படித்த பிறகே 'கன்டினியூ' அழுத்துங்கள். அன்று நான் சித்தப்பாவிடம் கேட்டிருக்க வேண்டியதும் இது தான்: "எத்தனை ஜிபின்னு போட்டிருக்கு சித்தப்பா?"

தொடர்ந்து எந்த டெஸ்க்டாப் வேண்டும் என்று கேட்கும்போது 'க்னோம்' டிக் மார்க்கை எடுத்துவிட்டு 'எக்ஸ்எஃப்சிஇ' தேர்ந்தெடுங்கள். குறைந்த மெமரியில் இது நன்றாக ஓடும். கடைசியில் 'க்ரப்' பூட் லோடரை இன்ஸ்டால் செய்யட்டுமா என்று கேட்டால் 'எஸ்' கொடுத்து, விடிஏ என்று முடியும் டிஸ்க்கைத் தேர்ந்தெடுங்கள்.

ஸ்நாப்ஷாட்: நேரத்தைத் திருப்பும் பட்டன்

டெபியன் இன்ஸ்டால் ஆகி முதல் முறை லாகின் செய்து பார்த்ததும் அதை ஷட் டவுன் செய்துவிடுங்கள். விஎம் விண்டோவின் டூல்பாரில் ஸ்நாப்ஷாட் ஐகான் இருக்கும். அதைக் கிளிக் செய்து, கீழே உள்ள '+' குறியை அழுத்தி 'புதியது' என்பது போல ஒரு பெயர் கொடுங்கள்.

இனி உள்ளே என்ன வேண்டுமானாலும் செய்து பாருங்கள். சிஸ்டம் பைல்களை அழியுங்கள், செட்டிங்குகளை மாற்றுங்கள். எல்லாம் குழம்பிவிட்டால் அந்த ஸ்நாப்ஷாட்டைத் தேர்ந்தெடுத்து இயக்கும் பட்டனை அழுத்துங்கள். புத்தம் புதிய நிலைக்குத் திரும்பிவிடும். தப்பு செய்து தான் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ள முடியும். தப்பு செய்ய ஒரு பாதுகாப்பான இடம் இது.

கன்டெய்னரையும் இங்கேயே பழகலாம்

கன்டெய்னரை முயற்சி செய்ய விரும்புபவர்கள் அதையும் இந்த விஎம்முக்குள்ளேயே செய்யலாம். டெபியனில் 'சினாப்டிக்' என்ற பேக்கேஜ் மேனேஜரைத் திறந்து 'போட்மேன்' என்ற சாப்ட்வேரைத் தேடி இன்ஸ்டால் செய்யுங்கள். டாக்கர் செய்யும் வேலைகளை இதுவும் செய்யும். சாதாரண யூசராகவே இதை இயக்கலாம் என்பது ஒரு வசதி. பிறகு டெர்மினலில் போட்மேன், ரன், ஹலோ என்ற மூன்று சொற்களையும் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், இடைவெளி விட்டு டைப் செய்து என்டர் தட்டுங்கள். ஒரு சிறிய கன்டெய்னர் டவுன்லோடு ஆகி, ஒரு வாழ்த்துச் செய்தியைக் காட்டிவிட்டு முடிந்துவிடும். விஎம் திறப்பதற்கு ஆகும் நேரத்தையும் இதற்கு ஆகும் நேரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தனி வீட்டுக்கும் குடித்தனத்துக்கும் உள்ள வித்தியாசம் புரியும்.

இரண்டையும் ஒரே சாப்ட்வேரில் நிர்வகிக்க விரும்பினால் இன்கஸ் என்று ஒன்று இருக்கிறது. எல்எக்ஸ்டி என்ற சாப்ட்வேரில் இருந்து 2023ல் கிளை பிரிந்தது. கமாண்டுகளில் நன்கு பழகிய பிறகு அதற்குப் போகலாம்.

கவனிக்க வேண்டியவை

* ஸ்நாப்ஷாட் என்பது பேக்கப் அல்ல. ஸ்நாப்ஷாட்டும் விஎம்மும் ஒரே பைலுக்குள் இருக்கின்றன. உங்கள் ஹார்ட் டிஸ்க் பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். முக்கியமான போட்டோக்களை வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுத்து வையுங்கள்.

* நிஜ ஹார்ட் டிஸ்க்கையோ, போட்டோ வைத்திருக்கும் பென் டிரைவையோ விஎம்முடன் இணைக்காதீர்கள். இணைத்துவிட்டால் விஎம்முக்குள் செய்யும் தவறு அதையும் பாதிக்கும். நாம் கட்டிய சுவரில் நாமே ஓட்டை போட்டது போலாகிவிடும்.

* வைரஸ்களை ஓட்டிப் பார்க்கும் விளையாட்டு வேண்டாம். நாட் முறையில் விஎம்மில் இருந்து உங்கள் வீட்டு நெட்வொர்க்கில் உள்ள மற்ற கருவிகளைத் தொடர்புகொள்ள முடியும்.

* விஎம்மில் விண்டோஸ் போட்டாலும் அதற்கு முறையான லைசென்ஸ் வேண்டும்.

* விஎம் வேண்டாம் என்றால் அதன் பெயரில் ரைட் கிளிக் செய்து 'டெலீட்' கொடுங்கள். கூடவே அழிக்கப்படும் பைல்களின் பட்டியல் வரும். எந்த பைலுக்கு டிக் மார்க் இருக்கிறது என்று படித்துப் பார்த்து ஓகே கொடுங்கள்.

சித்தப்பா இப்போது மூன்று விஎம் வைத்திருக்கிறார். ஒன்றைப் போன வாரம் அவரே டிஸ்க் முழுவதையும் அழித்து மீண்டும் இன்ஸ்டால் செய்தார். எனக்கு போன் செய்யவில்லை. வீட்டு போட்டோக்கள் கம்ப்யூட்டரில் ஒரு காப்பியும், பீரோவில் உள்ள தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு காப்பியுமாக இருக்கின்றன. நீங்களும் முதலில் உங்கள் போட்டோக்களை ஒரு காப்பி எடுத்து வைத்துவிட்டு இந்த வார இறுதியில் தொடங்குங்கள்.